தொடர்பில் உள்ளார்

அந்தப் போன் அடித்தால், இன்றைக்குத் தான் யாருடைய பெண்டாட்டி என்று தெரிந்துகொள்ள சிந்தியா இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கட்டடத்தின் ஆறாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் தர்ஷினி என்ற பெண் முதலில் பேரைச் சொல்வாள். சாமிநாதன் வீடுங்களா என்று கேட்டால் சிந்தியா சாமிநாதனின் வீட்டுக்காரி. அம்புஜம் இருக்காங்களா என்று கேட்டால் அம்புஜத்தின் மகள். ஐம்பதைத் தொடப்போகிற வயதுவரை கழுத்தில் தாலி ஏறாத மனுஷிக்கு, ஒரு காப்பீட்டுத் திட்டத்தின் புண்ணியத்தில் நூறு புருஷன்மார் வாய்த்திருந்தார்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். சிந்தியாவும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். இது ஆதிகேசவனின் வலது காலில் போய் முடியும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அந்தப் போனை ஜீவனஹள்ளித் தண்டவாளத்தில் வைத்து ரயிலை ஏற விட்டிருப்பாள். யாரும் சொல்லவில்லை. நல்லது நடக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

கில்பர்ட் டாக்டரின் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ் அவள். போன வருஷத்திலிருந்து நர்ஸ் இல்லை, கேர் கோஆர்டினேட்டர். கழுத்தில் நீல நாடாவில் அட்டை தொங்குகிறது. அட்டை வந்ததே தவிர வேலை குறையவில்லை. ஊசி போடுவதும் அவள்தான், கம்ப்யூட்டரில் தட்டுவதும் அவள்தான்.

திட்டத்தின் பேர் சமன்வய, ஒருங்கிணைப்பு என்று அர்த்தம். காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் ஏழைகள் இந்த ஆஸ்பத்திரிக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் அலைகிறார்கள், இங்கே கொடுத்த மாத்திரை அங்கே தெரிவதில்லை, அதனால் ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக் ஒன்றோடு இணைத்துவிடுவது. அந்த கிளினிக்கை ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு இணைப்பது. மாத்திரை வீடு தேடி வரும். வாரம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரிப்பார்கள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் தெரியும். யோசித்துப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷமாக மருந்துச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வரும் ஜனங்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவள், கூட்டத்தில் இதைக் கேட்டபோது கண் கலங்கிப்போனாள்.

திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்கு ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு டேப்லெட், சிம்மோடு ஒரு போன், நூற்று நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடு, பாதத்தின் படம் போட்ட கலர் போஸ்டர் மூன்று. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையும் இருந்தது. அந்த இழையை மட்டும் சிந்தியா ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதைப் பயன்படுத்த அதற்கப்புறம் நேரம் வாய்க்கவே இல்லை.

மார்ச் கடைசிக்குள் இரண்டாயிரம் பேரைச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. சர்ச் ஹாலில் நான்கு நாள் முகாம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு போன் நம்பர் வேண்டும், அந்த நம்பருக்கு ஓடிபி வர வேண்டும், அதைச் சொன்னால்தான் பேர் ஏறும். வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆதார் எடுத்தபோது கொடுத்த நம்பர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சிலருக்குப் புருஷனின் போன்தான், அவனோ வேலைக்குப் போயிருந்தான். திட்டத்தின் வட்டார அதிகாரி சுதீர் அங்கேதான் நின்றிருந்தார். இளம் வயது, வேலையில் சுறுசுறுப்பு. பெட்டியில் வந்த போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஈவாக ஹாக்கி சிஸ்டர், ஆமேலே சேஞ்ச் மாடபஹுது" என்றார் கன்னடத்தில். இப்போதைக்கு இந்த நம்பரைப் போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

நூற்று எண்பத்தேழு பேருக்கு அந்த ஒரே நம்பர் ஏறியது. மாற்றுவதற்கான வசதி அடுத்த மாதம் வரும் என்றார்கள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. சிந்தியா ஏழு மெயில் போட்டாள். ஏழுக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்லிப் பதில் வந்தது.

ஏப்ரலில் போன் அடிக்க ஆரம்பித்தது. கூப்பிடுகிற பெண்ணுக்கு நம்பர் தெரியாது, நோயாளியின் அந்தரங்கம் காக்க ஸ்கிரீனில் பேர் மட்டும்தான் வருமாம். மூன்று முறை எடுக்காவிட்டால் அந்தப் பேர் சிவப்பாகிவிடும். சிவப்பானால் மாத்திரை நிற்கும். எடுத்துப் பேசினால் பச்சை எழுத்தில் 'தொடர்பில் உள்ளார்' என்று விழும். நூற்றுக்கு எண்பது பேராவது பச்சையில் இல்லையென்றால் கிளினிக்கையே திட்டத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். முதல் நாள் சிந்தியா உண்மையைத்தான் சொன்னாள், இது கிளினிக் போன் என்று. தர்ஷினி அதைத் 'தவறான எண்' என்று பதிந்துவிட்டாள், மறுநாளே சாமிநாதனின் இன்சுலின் நின்றது. மூன்றாம் நாள் போன் அடித்தபோது சிந்தியா மாதாவை நினைத்துக்கொண்டு, "ஆமாம்மா, நான் அவரு வீட்ல பேசறேன்" என்றாள். இன்சுலின் வந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஊரை ஏமாற்றவா செய்தாள்? முதல் இரண்டு மாதம் மனசாட்சியோடுதான் செய்தாள். காலையில் யார் யாருக்காகப் பேசினாளோ அவர்கள் பேரைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் குடையும் பி.பி. கருவியுமாக அவர்கள் சந்துகளில் போய் விசாரித்துவிட்டு வருவாள். திட்டத்துக்கு முந்தியும் சனிக்கிழமைகளில் அப்படி நடப்பவள்தான். ஜூலையில் நாளுக்கு நாற்பது போன் வந்தது. போன் போக டேப்லெட், டேப்லெட் போக ஆன்லைன் கூட்டம். வீட்டுக்குப் போய்ப் பார்த்ததைப் பதிய டேப்லெட்டில் கட்டமே இல்லை. மெல்ல மெல்ல அந்த நடை நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

தர்ஷினி தர்மபுரிப் பக்கம், பேச்சிலேயே தெரியும். ஏழு கேள்வி வைத்திருப்பாள், வரிசை மாறாமல் கேட்பாள். மாத்திரை வந்ததா, போட்டாரா, மயக்கம் உண்டா, கடைசியில் காலில் புண் உண்டா. ஒருநாள் அவளே, உங்க குரல் எனக்கு ரொம்பப் பழக்கமான குரலா இருக்குதும்மா என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கு நாளுக்கு நூற்றிருபது போன் பேசி முடிக்க வேண்டும், இவளுக்கு நூற்று எண்பத்தேழு பேரைப் பச்சையில் வைத்திருக்க வேண்டும். வேலிக்கு ஓணான் சாட்சி. அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

அந்த நூற்று எண்பத்தேழு பேரில் ஒருவர் ஆதிகேசவன். சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷமாகப் புடவை விரித்துப் போடுகிறவர். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தைமேல் நாளெல்லாம் வெறுங்காலில் நிற்க வேண்டும். சிப்பந்திகளின் போன்களை முதலாளி காலையிலேயே வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார், முகாமன்று ஓடிபி பார்த்துச் சொல்ல வழியில்லாமல் அவருக்கும் கிளினிக் நம்பர்தான் ஏறியது. பதினோரு வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி செத்துப்போய் மூன்று வருஷம். முன்பெல்லாம் மாதத்தின் முதல் திங்கள் மாத்திரை வாங்க வருவார். இரண்டு பாதத்தையும் ஸ்டூல்மேல் தூக்கி வைக்கச் சொல்லி, விரலிடுக்கு விரலிடுக்காக சிந்தியா பார்ப்பாள். ஒரு பொம்பளை தன் காலைத் தொடுவதா என்று அவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார், அவள் முட்டியில் ஒன்று போட்டு மறுபடி பிடித்து வைப்பாள். மாத்திரை வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகு அவர் வரத் தேவை இல்லாமல் போயிற்று. ஒருநாள் கூலி மிச்சம். காலை யார் பார்ப்பது என்று திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை, நியாயம்தான், சிந்தியாவுக்கும் தோன்றவில்லையே.

ஆடித் தள்ளுபடியில் கடை முழுக்கக் குண்டூசி. புதுப் புடவைப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து மெத்தையெல்லாம் சிந்திக் கிடக்கும். அதில் ஒன்று ஆதிகேசவனின் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, கொண்டைவரை இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அதோடு நின்று புடவை விற்றிருக்கிறார். மூன்றாம் நாள் அவர் மனைவி சீதாலட்சுமி வீட்டில் படுக்கை விரிப்பில் ரத்தக் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள்.

இதெல்லாம் சிந்தியாவுக்குப் பின்னால் தெரிந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை ஆட்டோ வந்து நின்றது. சீதாலட்சுமி முதலில் இறங்கினாள், அப்புறம் டிரைவரும் அவளுமாக ஆதிகேசவனை இறக்கினார்கள். பாதம் துண்டால் சுற்றியிருந்தது. நாற்றம் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. சிந்தியா துண்டை அவிழ்த்தாள். இரண்டு விரல் கருகியிருந்தது, கணுக்கால் தாண்டிச் சிவப்பு ஏறியிருந்தது.

பயத்தில் நர்ஸுகளுக்குக் கோபம்தான் வரும். இத்தனை நாள் என்ன புடுங்கிக்கொண்டிருந்தீர்கள், கால் அழுகுகிறவரை வீட்டில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று சீதாலட்சுமியைப் பிடி பிடி என்று பிடித்தாள். சீதாலட்சுமி நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். சிந்தியா பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வந்தேனே சிஸ்டர். ஆவணி பொறந்ததும் வந்தேன். கூட்டமா இருந்துச்சு. கால்ல சின்னதா ஓட்ட மாதிரி இருக்குது, ஆறவே மாட்டேங்குதுன்னு சொன்னேன். மெசேஜ் வரும், வந்தா கூட்டிட்டு வா, அது இல்லாம கம்ப்யூட்டரே தெறக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? தெனமும் இவரு வந்ததும் போன வாங்கி வாங்கிப் பாத்தேன். வரவே இல்ல."

சிந்தியாவுக்கு அது நினைவே இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள், முடியவில்லை. அந்த வார்த்தை தன்னுடையதுதான். நாளுக்கு முப்பது பேரிடம் தலையை நிமிர்த்தாமல் சொல்கிற வார்த்தை. டிராயரை இழுத்து அந்தப் போனை எடுத்தாள். பார்க்காத மெசேஜ் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. தேடினாள். அன்புள்ள ஆதிகேசவன், உங்கள் பாதப் பரிசோதனை நாள் என்று ஆகஸ்டில் ஒன்று. செப்டம்பர் முதல் வாரம் ஒன்று. நீங்கள் வராததற்கு வருந்துகிறோம் என்று ஒன்று. மூன்றும் அவள் முழங்கைக்கு அரை அடி தள்ளி, டிராயருக்குள் வந்து விழுந்திருந்தன. சேசுவே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கில்பர்ட் டாக்டர் பார்த்தார். இரண்டு விரலை இன்றைக்கே எடுத்தால் பாதம் பிழைக்கும், தள்ளிப்போனால் சொல்ல முடியாது என்றார். இணைக்கப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், சிந்தியாவும் கூடவே போனாள். அங்கே படுக்கை கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோக மட்டும் திட்டத்தின் அனுமதி வர வேண்டும். விண்ணப்பம் போன இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது, சிவப்பு எழுத்தில். கடந்த ஏழு வாரமும் நோயாளியின் மனைவி காலில் புண் இல்லை என்று கூறியுள்ளார். விண்ணப்பத்திலோ ஏழு வாரப் புண் என்று உள்ளது. முரண்பாட்டுக்கு விளக்கம் தேவை.

எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் தெரியும் என்றார்களே, தெரிந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டுச் சுரைக்காய் இருந்த கறியையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டது.

டாக்டர் வேறு இரண்டு இடத்துக்குப் போன் செய்தார். ஒரு இடத்தில் வியாழக்கிழமைவரை தியேட்டர் காலி இல்லை. இன்னொரு இடத்தில், இணைத்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், நாங்கள் தொட்டால் எங்களுக்குப் பிரச்சனை என்றார்கள். கையிலிருந்து கட்டுகிறீர்களா என்று இந்த ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கட்ட முடிந்தவன் எதற்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறான்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அன்று சாயங்காலம் சிந்தியா நர்சிங் ஹோமுக்குத் திரும்பி, டாக்டரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் டாக்டர், அது என் குரல்தான் என்று, அனுமதி கிடைத்துவிடும் என்றாள் அவள்.

"கெடைக்காது சிந்தியா. எழுதிக் குடுத்தா விசாரண வரும். விசாரண முடியிற வரைக்கும் ஃபைல் அப்படியே நிக்கும். அது வரைக்கும் அவன் கால் நிக்குமா? நம்மள லிஸ்ட்ல இருந்து தூக்கினா மீதி ரெண்டாயிரம் பேரு மாத்திரைக்கு எங்க போவாங்க?"

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கேடு. உண்மை தனக்கு வசதியாக இருக்கும்போது மனுஷி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள். சிந்தியாவும் பிடித்துக்கொண்டாள். காலுக்காகத்தான் வாயை மூடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை போகும், லைசென்ஸ் போகும், சர்ச்சில் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயமும் அதே கூடையில்தான் இருந்தது.

மறுநாள் முழுக்க அனுமதி வரவில்லை. டாக்டர் பணிவாக ஒரு விளக்கம் அனுப்பினார், பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன சிந்தியா, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பால்பாயிண்ட் பேனாவால் ஆதிகேசவனின் காலில் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினாள். மத்தியானம் அந்தக் கோட்டைத் தாண்டி இன்னொரு கோடு. சாயங்காலம் இன்னொன்று. காய்ச்சலில் அவர் கடையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு யாருக்கோ புடவை விலை சொல்லிக்கொண்டிருந்தார். சீதாலட்சுமி அந்தக் கோடுகளைப் பார்த்தாளே தவிர என்ன என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சுதீரே நேரில் வந்தார். பாவம், அவருக்கும் தூக்கம் இல்லை, முகம் வீங்கியிருந்தது. இதை இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். சீதாலட்சுமியை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து டேப்லெட்டைக் கையில் எடுத்தார். போன வாரத்துப் போன் பேச்சின் பதிவு அதில் இருந்தது. சிந்தியா சுவரோரம் நின்றிருந்தாள்.

தர்ஷினியின் குரல் ஏழாம் கேள்வியைக் கேட்டது. பதில் வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கால் சுத்தமா இருக்கு. நான்தான் தெனமும் பாக்கறேனே." அதோடு ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தான் எப்போது சிரித்தோம் என்று சிந்தியாவுக்குத் தெரியவில்லை, ஆனால் வராந்தாவே தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் உடம்பு கூசியது.

சீதாலட்சுமி அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு கணம்கூட ஆகவில்லை. தலையைத் திருப்பி சிந்தியாவை ஏற இறங்கப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் சிந்தியா தாங்கியிருப்பாள். கணக்கு இருந்தது. இப்போது என்ன சொன்னால் என்ன நடக்கும் என்று அந்தப் பொம்பளை யோசித்துக்கொண்டிருந்தாள்.

சுதீர் மெதுவாக விளக்கினார். இது உங்கள் குரல் என்றால், புண்ணென்று தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் அனுமதி வாங்கித் தருகிறேன். உங்கள் குரல் இல்லை என்றால் வேறு விதமாகப் போகும், விசாரணைக் குழு அமைக்க வேண்டும், நாள் சொல்ல முடியாது. சொல்லும்போது அவர் சிந்தியாவின் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைமேல் போனை எடுத்து வைத்தவர் அவர்தானே. அவருக்கும் எல்லாம் விளங்கித்தான் இருந்தது.

சிந்தியா வாயைத் திறந்தாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தாள். அதற்குள் சீதாலட்சுமி முந்திக்கொண்டாள்.

"என் கொரல்தாங்க. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

சுதீர் சொல்லச் சொல்ல எழுதினாள். என் கணவரின் காலில் இருந்த புண்ணை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ஆவணி மாதம் பிறந்ததும் கிளினிக்குக்கு ஓடிவந்தவள், குண்டூசியைக் கண்டுபிடித்துத் தன் கையால் பிடுங்கியவள், அதை எழுதிக் கீழே சீதாலட்சுமி என்று போட்டாள். சிந்தியாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது என்பதுதான் உண்மை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த நொடியே தன்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான்.

சுதீர் சொன்னபடி ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. வந்து என்ன? சர்ஜன் பார்த்துவிட்டு, விரல் கதையெல்லாம் முடிந்துபோயிற்று, முட்டிக்கு மேலே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார். அதற்கும் சீதாலட்சுமிதான் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு அவள் போட்ட இரண்டாவது கையெழுத்து. ஆதிகேசவன் காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தார், விரல் எடுக்கப் போகிறார்கள் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும்.

தியேட்டருக்கு வெளியே இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி நேரம். சிந்தியா காபி வாங்கிவந்து நீட்டினாள், சீதாலட்சுமி வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. மன்னிச்சிடு சீதாம்மா என்று சிந்தியா ஆரம்பித்தாள். நல்லதுக்குத்தான் ஆரம்பித்தேன், மாத்திரை நின்றுவிடக் கூடாதென்றுதான் பேசினேன் என்றெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது கையேட்டில் படித்தது மாதிரி இருந்தது.

"நல்லதுக்குத்தான் சிஸ்டர், எனக்குத் தெரியாதா. ஆனா நம்ம ஆஸ்பத்திரியிலேர்ந்து என் வீடு மூணு தெரு. அந்தப் பொண்ணு எலெக்ட்ரானிக் சிட்டியிலேர்ந்து எங்கள வாரா வாரம் கேட்டிருக்கா. நீங்க ஒரு நாளு வந்து என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

பிறகு சீதாலட்சுமி, தன்னால் அவரிடம் போய்க் காலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, நாக்கு எழாது என்றாள். இத்தனை வாரம் எனக்குப் பதிலாகப் பேசினீர்களே, இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். குத்தலாகச் சொன்ன மாதிரி இல்லை. நிஜமாகவே கேட்ட மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அவருக்கு நினைவு திரும்பியதும் சிந்தியா உள்ளே போனாள். போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோத்து வைத்துக்கொண்டாள். அண்ணா, கால் போயிடுச்சு, உயிர் இருக்கு, தப்பு என்னோடது. மூன்றே வாக்கியம். ஆதிகேசவன் கண்ணைத் திறந்து பார்த்தார். அவளைக் கண்டதும் அந்தப் பழைய கூச்சத்தோடு போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளக் கையை அசைத்தார்.

"வெரலோட முடிஞ்சுதா சிஸ்டர்? தீபாவளிக்குள்ள கடைக்குப் போயிடலாமில்ல?"

சிந்தியா வாயைத் திறந்தாள். அந்த வாய்க்குப் பழகியது ஒன்றுதான்.

"ஒண்ணும் இல்லண்ணா. கால் நல்லா இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே காதில் விழுந்தது. நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர் என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் திரைச்சீலை நகர்ந்தது. சீதாலட்சுமி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே வந்தாள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சிந்தியாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வெளிய போங்க சிஸ்டர். எங்க வீட்டு விஷயத்த நானே பேசிக்கிறேன்."